நெறி கட்டியது



போன பதிவில் பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்று பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை என் கழுத்தைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்க வேண்டாம். இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு வருடத்துக்கு மேல் யோசித்தாகிவிட்டது. கடைசியில் எழுதச் சொன்னது என் அக்காதான்.

2023-ஆம் ஆண்டு, மாசி மகத்துக்கு நாலைந்து நாள் இருக்கும். காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தபோது, இடது தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கொட்டைப்பாக்கு அளவு. வலி இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நெறி கட்டியிருக்குங்க. பல்லு ஏதாவது சொத்தையாயிருக்கும். உப்புத் தண்ணியில வாய் கொப்பளிங்க, இறங்கிடும்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் வீட்டுக் கிழவிகள் காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் புண் என்றால் அக்குளைப் பார்ப்பார்கள். அங்கே நெறி கட்டியிருந்தால் விஷம் ஏறுகிறது என்பார்கள். எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அவர்களுக்குத் தெரிந்திருந்த பாடம் அது.

இரண்டு வாரம் கொப்பளித்தேன். இறங்கவில்லை. மூன்றாவது வாரம் பக்கத்தில் இன்னொன்று வந்து, இரண்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது. வேட்டியை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் கூட நடக்கும் நண்பர் ஒருவர், "என்ன முசியே, இளைச்சுட்டீங்களே" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

அங்கே ஒரு கூத்து. டாக்டர் சின்னப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும். நான் படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "கங்லியோன் வீங்கியிருக்கு டாக்டர்" என்றேன். அந்தப் பெண் உடனே என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எங்கே சார்? ஒண்ணுமே இல்லையே?"

பிறகுதான் விளங்கியது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'சியான்ஸ் நத்துரேல்' வகுப்பில் எங்கள் முசியே கரும்பலகையில் வரைந்து காட்டிய கழுத்து முடிச்சுக்குப் பெயர் 'கங்லியோன்'. ஆங்கிலத்தில் படித்த டாக்டர்களுக்குக் கேங்கிலியான் என்றால் நரம்பு முடிச்சு, இல்லாவிட்டால் மணிக்கட்டில் வரும் நீர்க்கட்டி. பிரெவே பரீட்சை எழுதி ஐம்பத்தேழு வருடம் ஆகியும் பிரெஞ்சு என்னை விடவில்லை. கழுத்தைக் காட்டினேன். "ஓ, லிம்ப் நோடு!" என்று சிரித்தது. தமிழில் நிணநீர்க் கணு.

அந்தப் பெண் பொறுமைசாலி. என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. பள்ளியில் படித்ததையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நாற்பது வருடம் சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு எல்லாமே ஆபீஸ் மாதிரிதான் தெரியும்.

ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. திரும்பாமல் திசுக்களில் தங்குவது ஒரு நாளைக்குச் சுமார் மூன்று லிட்டர். அதைத் திரட்டிக்கொண்டு போகத் தனியாக ஒரு குழாய் வரிசை இருக்கிறது. அதில் ஓடுவதுதான் நிணநீர். இதைத் தள்ள இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய் தானாகக் கொஞ்சம் சுருங்கும். மீதி வேலையை நாம் நடக்கும்போதும் மூச்சு விடும்போதும் தசைகள் அழுத்திச் செய்கின்றன. பின்னால் வழியாதபடி உள்ளே வால்வுகள் உண்டு. வயிற்றிலும் காலிலும் இருந்து வருவதெல்லாம் மார்பு வழியாக ஒரு பெரிய குழாயில் ஏறி, இடது கழுத்து அடியில் ரத்தத்தோடு கலக்கிறது. அந்தக் குழாய் தொடங்கும் தொட்டியைக் கண்டுபிடித்து 1651-இல் எழுதியவர் ழான் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர். 'பெக்கே தொட்டி' என்று வகுப்பில் மனப்பாடம் செய்தது இன்னும் நினைவிருக்கிறது.

இந்தக் குழாய்களின் வழியில் ஆங்காங்கே இருக்கும் செக்போஸ்ட்தான் நிணநீர்க் கணு. உடம்பு முழுக்கச் சுமார் அறுநூறு இருக்கும் என்கிறார்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் உள்ளே, வயிற்றின் உள்ளே. வடிவம் அவரை விதை போல. பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

ஒவ்வொரு கணுவும் ஒரு சின்ன ஆபீஸ். வெளியே ஒரு தோல் உறை, அது காம்பவுண்டுச் சுவர். உள்ளே நீர் கொண்டுவரும் குழாய்கள் பல. வெளியே போவது ஒன்றிரண்டுதான். இன்வர்டு நிறைய, டெஸ்பாட்ச் கொஞ்சம், நம் தபால் பிரிவு போலவே. வரும் நீர் உள்ளே மெதுவாக ஊர்கிறது. அதில் கிருமி, குப்பை, செத்த அணு எது வந்தாலும் விழுங்குவதற்கென்றே சில அணுக்கள் காத்திருக்கின்றன. வெளிப்பக்கத்து அறையில் பி அணுக்கள். எதிரியின் முகத்தைப் பார்த்து, அதற்கென்றே ஆயுதம் செய்து அனுப்புபவை. அடுத்த அறையில் டி அணுக்கள். கெட்டுப்போன அணுவை நேரடியாக ஒழிப்பவையும், மற்றவர்களுக்கு உத்தரவு போடுபவையும் அங்கே இருக்கின்றன. ஒருமுறை வந்த கிருமியைப் பற்றிய ஃபைல் ரெக்கார்டு ரூமில் வருடக்கணக்கில் பத்திரமாக இருக்கும். அதே ஆள் மறுபடி வந்தால் வேலை மளமளவென்று நடக்கும். தடுப்பூசியின் சூட்சுமமே இதுதான்.

வேலை அதிகமானால் ஆபீஸில் கூட்டம் கூடுமல்லவா? அதுதான் நெறி கட்டுவது. கணு வீங்குவதே ஒரு நோய் அல்ல. அந்தப் பக்கத்தில் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். தொண்டைப் புண்ணுக்கு வீங்கினால் தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், பத்துப் பதினைந்து நாளில் அடங்கும்.

அடங்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வலியில்லாமல் ரப்பர் போல வளர்ந்து, கூடவே காய்ச்சலும் ராத்திரி வியர்வையும் இளைப்பும் இருந்தால், கணுவின் அணுக்களிலேயே வரும் புற்றுநோயாக இருக்கலாம். 1832-இல் இதை முதலில் விவரித்த லண்டன் டாக்டர் ஹாட்ஜ்கின் பெயரில் அதில் ஒரு வகை இருக்கிறது. இன்று பெரும்பாலோருக்குக் குணமாகும் வகை அது. கல் மாதிரி கெட்டியாக, நகராமல் இருந்தால், வேறு எங்கோ உள்ள புற்று அங்கே வந்து தங்கியிருக்கலாம். டாக்டர் என் இடது காறை எலும்புக்கு மேலே விரலை விட்டு அழுத்திப் பார்த்தது அதற்காகத்தான். வயிற்றில் இருக்கும் புற்று சில சமயம் முதலில் தலைகாட்டுவது அங்கே. அந்தக் கணுவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் த்ருவாசியே என்ற தங்கள் டாக்டரின் பெயரையும், மற்றவர்கள் ஜெர்மானியரான விர்கோவின் பெயரையும் சொல்வார்கள்.

கணுவையும் குழாயையும் கெடுக்கும் இன்னொன்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யானைக்கால். சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் நூல் போன்ற புழு, போய்க் குடியிருப்பது இந்த நிணநீர்க் குழாய்களில்தான். தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர் காய்ச்சல் வரும், பிறகு நீர் வடிய வழியில்லாமல் கால் தடிக்கும். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதால், அந்தக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். நினைவிருக்கிறதா? தூக்கத்தில் எழுப்பியதற்கு நாம் திட்டிய திட்டு கொஞ்சமா?

சரி, என் கதைக்கு வருகிறேன். டாக்டர் மெல்லிய ஊசியால் கட்டியில் குத்தி நீர் எடுத்தது. மரத்துப்போக ஒன்றும் போடவில்லை, போடத் தேவையுமில்லை. முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் நான் பீரோவைத் திறந்து பாஸ்புக், நாமினி படிவம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது.

நாலாவது நாள் டாக்டர் சொன்னது: "சார், புற்று இல்லை. டி.பி. கழுத்துக் கணுவுல வந்திருக்கு. நுரையீரல் சுத்தமா இருக்கு. ஆறு மாசம் மாத்திரை, சரியாயிடும்."

கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொரு எண்ணம் வந்தது. இதை வெளியே எப்படிச் சொல்வது? பையனிடம்? மருமகளிடம்? அவர்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறதே? தெருவில் தெரிந்தால்?

யாரிடமும் சொல்லவில்லை. "ஏதோ நெறிக்கட்டி, ஆன்டிபயாடிக் கொடுத்திருக்காங்க" என்று முடித்துக்கொண்டேன். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு. வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கழுத்துக் கணுவில் மட்டும் உள்ள டி.பி. மூச்சிலோ எச்சிலிலோ பரவாது, தனிப் பாத்திரம் தேவையே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும் செய்தேன். சுகாதாரப் பணியாளர் பெண் வீட்டுக்கு வருகிறேன் என்றபோது, "போன்லயே கேளும்மா" என்றேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்பதற்கு 1962-க்குப் போக வேண்டும்.

என்னைவிட அக்கா ஏழு வயது மூத்தவள். அவளுக்குப் பதினேழு வயதில் வலது காதுக்குக் கீழே கட்டி வந்தது. கண்டமாலை என்றார்கள். இன்று எனக்கு வந்ததும் அதேதான். பெயர்தான் மாறிப்போயிருக்கிறது. முதலில் வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டார்கள், மந்திரித்தார்கள். கட்டி உடைந்து சீழ் வழிந்த பிறகு ஆஸ்பத்திரி. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கைநிறைய மாத்திரை. ஒரு வருடத்துக்கு மேல் நடந்தது. அம்மா அவளுக்கு ஒரு டம்ளரைத் தனியாக வைத்து, அடையாளத்துக்கு அடியில் கீறிவிட்டாள். நான் அந்த டம்ளரைத் தொடமாட்டேன். தண்ணீர் வேண்டும் என்று அவள் கேட்டால் காலால் தள்ளிக்கூட இருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளை.

குணமாகிவிட்டது. கழுத்தில் சுருங்கிய தழும்பு மட்டும். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வாள். அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். பையனின் பெரியப்பா சைகோனில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், நான் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறேன் என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். பிரெஞ்சிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் டக் டக்கென்று பதில் சொன்னேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு அரைகுறை. அப்போது அவர் தண்ணீர் மொண்டுவரப் போயிருந்தார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, உன் அக்கா கழுத்தில் அது என்ன தழும்பு என்றார்.

அந்த வாரம்தான் சரித்திர வகுப்பில் படித்திருந்தேன். பிரான்ஸ் ராஜாக்கள் கையால் தொட்டால் கழுத்துக் கண்டமாலை குணமாகும் என்று ஜனங்கள் நம்பினார்கள், புனித லூயி ராஜாவும் தொட்டார் என்று. அந்த நோய்க்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. வகுப்பில் அது எனக்கு மட்டும் உடனே விளங்கியது, வீட்டிலேயே பார்த்திருந்ததால். கஷ்டமான அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்துக் காட்ட வேண்டும் என்ற பெருமையில், "எக்ருவேல், முசியே!" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. காப்பியை முழுதாகக் குடிக்கவில்லை. ஒரு வாரத்தில், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டும் நிற்கவில்லை. அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அப்பா போன பிறகு அந்த மெஷின்தான் என்னைப் படிக்க வைத்தது. என் பிள்ளைகளையும் வளர்த்தவள் அவள்தான். அறுபத்தொரு வருடம் அந்த ஒரு சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போய் அக்காவைப் பார்ப்பது வழக்கம். சித்திரையில் ஒரு ஞாயிறு, துண்டோடு போய் உட்கார்ந்தேன். எண்பது வயது, கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனாலும் பார்வை தப்பவில்லை.

"இந்த வெயில்ல எதுக்குடா துண்டு?"

"ஒண்ணுமில்ல, அக்கா."

எழுந்து வந்து துண்டை அவளே உருவினாள். விரலால் அந்த இரண்டு முடிச்சையும் தடவினாள். டாக்டர் தொட்ட மாதிரியே மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக.

"எனக்கு வந்ததா?"

தலையாட்டினேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. எக்ருவேல், சைகோன் பெரியப்பா, டம்ளர் எல்லாவற்றையும் கொட்டினேன். எழுபத்துமூன்று வயதில் அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்டா. கதவு இடுக்குல பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். நீ என்னமோ சொன்னே, அவர் என் கழுத்தைத் திரும்பிப் பார்த்தாரு."

"ஏன் அக்கா கேக்கவே இல்ல?"

"கோபம் இல்லாம இல்ல. ரெண்டு வருஷம் உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலையே, ஞாபகம் இல்லையா? அப்புறம் உன் பள்ளிக்கூடச் சட்டை தைக்கணும், பீஸ் கட்டணும். கோபப்பட நேரம் எங்கே இருந்தது? நீ சொன்னது பொய்யா? உண்மைதானே. அம்மாதான் மூடு மூடுன்னு சொல்லிச் சொல்லி, அது ஏதோ நான் செஞ்ச தப்பு மாதிரி ஆக்கிட்டா. இப்ப நீயும் மூடிக்கிட்டு வந்து உக்காந்திருக்கே."

உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அவளுடைய டம்ளரில். "இதுல குடி" என்றாள். குடித்தேன்.

அன்று சாயங்காலமே பையனுக்கும் மருமகளுக்கும் சொன்னேன். மருமகள் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை வேளாவேளைக்கு சாப்பிடுறீங்களா மாமா?" என்பதுதான். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. சுகாதாரப் பணியாளர் பெண் வீட்டுக்கு வந்தது, வாசல் வழியாகவே. வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் இல்லை. மாத்திரையெல்லாம் இலவசம், சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வங்கியில் போட்டார்கள்.

அக்காவிடமிருந்துதான் எனக்கு வந்ததா என்றும் டாக்டரிடம் கேட்டேன். கழுத்துக் கணுவிலிருந்து அடுத்தவருக்குப் போகாது, நம் ஊரில் எத்தனையோ பேருக்குக் கிருமி எப்போதோ உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருக்கும், வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது எழுந்திருக்கும் என்றது. ஆக, அம்மா டம்ளரில் போட்ட கீறல் வீண். அந்தக் கீறலைப் பற்றித்தான் அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதம் முடியும்போது கட்டி சிறிதாவதற்குப் பதில் பெரிதானது. மருந்து வேலை செய்யவில்லை என்று நடுங்கிப்போனேன். சாகும் கிருமிகளைப் பார்த்து உடம்பு கொள்ளும் ஆவேசத்தில் சிலருக்கு அப்படி வீங்குவதுண்டு, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றது டாக்டர். சிறுநீர் சிவப்பாகப் போனாலும் பயப்படக் கூடாது, அது மாத்திரையின் நிறம். ஐப்பசியில் ஆறு மாதம் முடிந்தது. இப்போது தொட்டால் ஒரு பட்டாணி போல லேசாக ஒன்று இருக்கிறது. அது அப்படியே இருக்கலாம், கெடுதல் இல்லை என்கிறார்கள்.

ராஜா தொட்டால் குணமாகும் என்ற கதை எதனால் நிலைத்தது தெரியுமா? இந்தக் கட்டி சில சமயம் தானாகவே வற்றி, சில காலம் கழித்து மறுபடி வரும். வற்றியது ராஜாவின் கணக்கில் சேர்ந்துவிடும். 1825-இல் பத்தாம் சார்ல்ஸ் தொட்டதுதான் பிரான்ஸில் கடைசி. 1882-இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்தார். அடுத்த நூற்றாண்டில்தான் மருந்து வந்தது. என் அக்காவுக்கு அது சமயத்தில் கிடைத்தது.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு எங்கே கட்டி தட்டுப்பட்டாலும் இரண்டு மூன்று வாரம் தாண்டி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பற்றுப் போட்டு உடைக்க வேண்டாம். மாத்திரை கொடுத்தால் முடியும்வரை சாப்பிடுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இதை எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, என் பேரை மட்டும் போடாதே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலால தள்ளினதையும் எழுதியிருக்கியே, அது எனக்கு ஞாபகமே இல்லடா" என்றாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் எழுதினேன்.